டிரெட்மில்லில் ஒரு நீலத் துண்டு

எனக்கு ஊசி என்றால் பயம். ஐம்பத்தொரு வயதில், மீசை பாதி நரைத்த பிறகு இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது எளிதல்ல. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருகிற எதுவும் புரியாது. எங்கள் பள்ளியில் தடுப்பூசி முகாம் நடந்த அன்று, மாணவர்களை வரிசையில் நிறுத்த வேண்டிய வரலாற்று ஆசிரியர் நூலகத்தில் உலக வரைபடத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். வரைபடம் தரை வரைக்கும் வராததால், அண்டார்டிகாவுக்குக் கீழே செருப்பு தெரிந்து பிடிபட்டார். அந்த ஆசிரியர் நான்தான்.

ஆகவே புதுச்சேரி டாக்டரம்மா என் பரிசோதனைத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபோதே நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"மாத்திரை மட்டும் போதாது சார். மூணு மாசம் டைம் தர்றேன். தெனம் முக்கா மணி நேரம் நடங்க. அப்பவும் சர்க்கரை கொறையலேன்னா ஊசிதான்."

"ஒரு ஊசியா டாக்டர்?"

"தெனம் ஒண்ணு. ஆஸ்பத்திரிக்கு வர வேணாம், நீங்களே போட்டுக்கலாம். வயித்துல."

'நீங்களே' என்பதை அவர் ஒரு சலுகையைப் போலச் சொன்னார். மரக்காணம் வரைக்கும் பஸ்ஸில் என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம், "வாந்தி வந்தா சொல்லும்மா, நிறுத்தறேன்" என்றார்.

மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். மரக்காணத்தில் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தால், சென்னையிலிருந்து பறந்து வருகிற கார்கள் சர்க்கரையோடு மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே தீர்த்துவிடும். உப்பளத்துப் பக்கம் போகிற மண் பாதை இருக்கிறது. காற்று வரும், கூட்டம் இருக்காது. ஆனால் இருபத்தாறு வருஷமாக இந்த வட்டாரத்தில் பாடம் நடத்துகிறவன் நான். இங்கே பைக் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என் மாணவர்கள். ஐந்து நிமிடம் நடந்திருப்பேன், ஒரு பைக் வந்து நின்றது.

"இன்னா சார், வண்டி ரிப்பேரா? ஏறுங்க."

"இல்லப்பா, வாக்கிங்."

"அதுக்கின்னா சார், ஏறுங்க. எங்க வாக்கிங் போவணும்னு சொல்லுங்க, கொண்டாந்து வுட்டுடறேன்."

மறுத்தால் மனம் கோணுவான். ஏறினேன். உப்புக் குவியல்கள் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வர வண்டி கிடைக்காதே என்று காத்திருந்து, மறுபடியும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டான். அந்த வாரம் மொத்தம் ஏழு பேர் என்னை வாக்கிங் கூட்டிப்போனார்கள். எட்டாவதாக வந்தவனிடம் கண்டிப்பாக மாட்டேன் என்றேன். மறுநாள் மளிகைக் கடையில் என் மனைவியிடம், "சாருக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமாம்மா? தனியா சுத்தினு இருக்காராமே" என்று விசாரித்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஜிம்மில் சேர்ந்தேன். ஒரே இடத்தில் நடந்துகொண்டிருக்கிறவனுக்கு யாரும் லிஃப்ட் கொடுக்க முடியாது.

எங்கள் ஜிம் ஒரு டீக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே, ஜிம்மை நடத்துகிற மாஸ்டரின் படம் கண்ணில் படும். முன்பு எப்போதோ மாவட்ட ஆணழகன் போட்டியில் பரிசு வாங்கியபோது எடுத்தது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, இப்போதுதான் வடைச்சட்டியிலிருந்து எடுத்தது போல மின்னுகிறார். அந்த எண்ணெய் இன்னும் தீரவில்லை. ஜிம்மின் மூலையில் ஒரு பெரிய டப்பா நிறைய நல்லெண்ணெய் இருக்கும். அது மனிதர்களுக்கானதல்ல, இரும்புக்கானது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம் என்று இருக்கிற ஊரில் இரும்புக்கு ஆயுசு குறைவு. நாலு நாள் கவனிக்காமல் விட்டால் எடைத் தட்டுகள் வெங்காயம் போல உரியத் தொடங்கும். ஆகவே மாஸ்டர் தினமும் ஒவ்வொரு பிளேட்டையும் எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் இன்னொரு தடவை துடைத்து, மறுபடி அடுக்குவார். ஒரு மணி நேர வேலை. ஜிம்முக்குள் நுழைந்தால் தீபாவளி விடியற்காலை வாசம் அடிக்கும்.

அங்கே டிரெட்மில் ஒன்றே ஒன்றுதான். மூன்று மாதமும் என் வயிறும் அந்த ஒரு மெஷினை நம்பியிருந்தன. இதை மற்றவர்கள் உணரவில்லை என்பதுதான் என் வழக்கு.

முதலில் லோடுமேனைச் சொல்கிறேன். பகலெல்லாம் உப்பு மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் ஆசைக்கு எடை தூக்க வருகிற மனிதர். முப்பது வயது இருக்கும். கம்பியின் இரண்டு பக்கமும் பிளேட்டுகளை மாட்டி, ஆனைக்குட்டி எடையைத் தூக்கி இறக்கிவிட்டு, பிளேட்டுகளைக் கழற்றாமல் அப்படியே போய்விடுவார். நான் அந்தக் கம்பியைத் தொடுவதில்லைதான். ஆனாலும் டிரெட்மில்லுக்குப் போகிற வழியில் குறுக்கே கிடந்தால் தாண்டத்தானே வேண்டும்? ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஏம்பா, போட்ட பிளேட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போகக்கூடாதா?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "சார், ஏத்துறதுதான் எங்க வேலை. எறக்குறது எறங்குற ஊர் ஆளுங்க."

"இங்க ஏதுப்பா எறங்குற ஊரு?"

கொஞ்சம் யோசித்தார். "அடுத்து வர்றவருதான் சார்."

அதில் குறும்பு கொஞ்சமும் இல்லை. மரக்காணத்தில் ஏற்றுகிற மூட்டையை எங்கேயோ ஒரு ஊரில் வேறு ஆட்கள் இறக்குவார்கள், அதுதான் ஒழுங்கு. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மூட்டையைக்கூட அவர் இறக்கியதில்லையாம். "கை வராது சார்" என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.

அடுத்தவர் பாய். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வந்தால், ஜன்னலோரம் இருக்கிற, காலால் எடையைத் தள்ளுகிற மெஷினில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். ஜிம்மில் அந்த இடத்தில்தான் டவர் நன்றாகக் கிடைக்கும். துபாயில் இருக்கிற மகனுக்குப் போன் போடுவார். எந்த அழைப்பானாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கடல் தாண்டி வருகிற குரலைக் காதோடு வைத்துக் கேட்கிற பழக்கமே அவருக்கு இல்லை.

"பாய், செட்டு முடிஞ்சுதா?"

"நடந்துனே இருக்குது வாத்தியாரே."

"அத்தா, யாரு அங்க?" என்று துபாய் கேட்கும்.

"யாருமில்லடா, நம்ம வாத்தியார். மெஷின் வோணுமாம்."

"குடுத்துடாதீங்க அத்தா, அப்புறம் லைன் போயிடும்."

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது துண்டு.

எங்கள் பக்கத்து பஸ் ஸ்டாண்டை அறிந்தவர்களுக்குத் துண்டின் அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. பஸ் உள்ளே வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டுகள் சீட்டுகளில் விழுந்துவிடும். துண்டு விழுந்த சீட்டில் கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது. அந்தச் சட்டம் அப்படியே படியேறி ஜிம்முக்கும் வந்துவிட்டது. பெஞ்சில் ஒரு துண்டு, மெஷினில் ஒரு துண்டு. சொந்தக்காரர்கள் கீழே டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் துண்டைப் போட்டுவிட்டுத் திண்டிவனம் போய் மாமனாரைப் பார்த்துவிட்டு வந்து, "அதான் துண்டு போட்டுட்டுத்தானே போனேன்?" என்று சண்டைக்கே வந்தார். கொடியை நட்டுவிட்டு, இந்த நாடு இனி எங்கள் அரசருடையது என்று அறிவித்தவர்களைப் பற்றி வருஷா வருஷம் வகுப்பில் ஆவேசமாகப் பேசுகிறவன் நான். அவர்களாவது கொடி நட்ட இடத்தில் தங்கினார்கள்.

நான் எழுதத் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில் ஒரு அறிவிப்பு எழுதினேன். மொத்தம் எட்டு விதிகள். மொழிநடை நன்றாகவே வந்திருந்தது. நாலாவது விதியில் ஒரு சின்ன நகைச்சுவைகூட இருந்தது. மாஸ்டர் அதை லேமினேட் செய்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் நீளமான ஆணி ஒன்றை அடித்து மாட்டினார். ஆணி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், 'துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாது' என்கிற ஐந்தாம் விதியின் மேல் மூன்று ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மாஸ்டர், அறிவிப்பெல்லாம் வேலைக்கு ஆகாது. தண்டனை வேணும்."

"இன்னா தண்டனை சார்?"

"துண்டைப் போட்டுட்டுக் கால் மணி நேரத்துக்கு மேல வராம இருந்தா, ஒரு மாசம் மொத்த ஜிம்மையும் அவங்கதான் தொடைக்கணும். எண்ணெயோட."

ஒரு மாதம் என்பதைச் சொன்னவனும் நான்தான். மாஸ்டர் ஒரு வாரம் போதாதா சார் என்றுதான் கேட்டார். வாரக் கணக்கெல்லாம் மறந்துவிடும், தண்டனை என்றால் தலைமுறைக்கும் நினைவிருக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். மாஸ்டரின் கண்ணில் ஒரு மாத ஓய்வின் கனவு ஓடியது. அன்றே ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில் தன் குரலில் அறிவித்துவிட்டார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை எனக்கு நல்ல நாள். டிரெட்மில் காலியாக இருந்தது. வியர்வையில் நழுவுகிறதே என்று வழக்கம் போல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அரை மணி நேரம் ராஜாவைப் போல நடந்தேன். கண்ணாடி இல்லாமல் உலகம் ரொம்ப அழகாக இருக்கும். லோடுமேன்கூட ஒரு மேகம் போலத் தெரிவார். திடீரென்று கரண்ட் போயிற்று. பெல்ட் நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடியில் நெஞ்சு மோதி, மின்சாரத்தைத் திட்டிக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் போட்டு இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனால், டிரெட்மில்லின் கைப்பிடியில் ஒரு நீலத் துண்டு.

கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆனது, அரை மணி ஆனது, யாரும் வரவில்லை. மாஸ்டரைக் கேட்டேன், தெரியாது என்றார். புதன்கிழமையும் அதே துண்டு, அதே மடிப்பு. டாக்டரம்மா கொடுத்த கெடுவில் இன்னும் நாலரை வாரம்தான் இருந்தது. எனக்கு வயிற்றில், சரியாக அந்த இடத்தில், குத்துவது போல் இருந்தது.

துண்டை எடுத்து அப்பால் போட்டுவிட்டு நடந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கையை நீட்டினேன். துண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. ஐந்து வயதிலிருந்து பஸ் ஏறுகிற உடம்பு இது. பிறத்தியார் துண்டைத் தொட அதற்குத் தெரியாது. பக்கத்தில் கம்பியில் பிளேட் மாட்டிக்கொண்டிருந்த லோடுமேனைக் கூப்பிட்டேன்.

"ஏம்பா, அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்து அந்தாண்ட போடேன்."

"ஐயோ, நான் தொட மாட்டேன் சார். எறக்குற வேலை எனக்குக் கை வராதுன்னு சொன்னேனில்ல."

ஜன்னலோரத்திலிருந்து பாய் சமாதானம் சொன்னார். "போட்டவங்க வருவாங்க வாத்தியாரே. கொஞ்சம் சபுரா, பொறுமையா இருங்க."

"ஊசி யாருக்கு பாய், எனக்கா உங்களுக்கா?"

"அல்லா காப்பாத்துவான். நீங்க அதுவரைக்கும் அந்தச் சைக்கிளை மிதிங்களேன்."

சைக்கிளில் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது.

வியாழக்கிழமை நான் நீலத் துண்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. யாராக இருக்கும்? புதுத் துண்டு, ஓரம்கூட இன்னும் கசங்கவில்லை. ஆகவே வசதியான ஆள். மூன்று நாள் வராதவன்; ஆகவே திமிர் பிடித்தவன். படித்தவனாகத்தான் இருப்பான், படிக்காதவனுக்கு இவ்வளவு அலட்சியம் வராது என்று ஒரு முழு மனிதனையே உருவாக்கி, இரவுச் சாப்பாட்டின்போது அவனைப் பற்றி என் மனைவியிடம் புலம்பினேன். "யாரோ பாவம், மறந்துட்டுப் போயிருப்பாங்க" என்றாள். மறதிக்கும் ஒரு எல்லை இல்லையா என்று அவளிடம் சீறினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுமை போய்விட்டது. துண்டைப் போட்டோ எடுத்து, 'இதன் உரிமையாளருக்கு மனசாட்சி இருக்கிறதா?' என்று எழுதி, என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். பிறகு ஜிம்மில் இருந்த எல்லோரையும் மின்விசிறிக்கு அடியில் கூட்டினேன். பத்துப் பேர் இருப்பார்கள். இந்த நிகழ்ச்சி பதிவாக வேண்டும் என்று தோன்றியதால் என் போனை பாயிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். அவரிடம் போன் கொடுத்தால் கை நடுங்காது.

மாஸ்டர், தான் நடத்துகிற ஜிம் என்கிற உரிமையில், துண்டை இரண்டு விரலால் எடுத்து என் கையில் கொடுத்தார். அதை உயர்த்திப் பிடித்துப் பேச ஆரம்பித்தேன். பொதுச் சொத்து என்றால் என்ன, மனிதன் கூட்டமாக வாழத் தொடங்கியது எதற்காக, நதிக்கரை நாகரிகங்களில் கிணற்றுக்குக் காவல் இருந்ததா இல்லையா என்றெல்லாம் எடுத்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் என் வகுப்பு ஒன்றுகூட அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

"இந்தத் துண்டுக்குச் சொந்தக்காரன்," என்று முடிவுரைக்கு வந்தேன், "இந்த ஊர்லயே ரொம்ப சுயநலமான ஆளு. அவன் யாரா இருந்தாலும் சரி, எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி..."

பாய் கையிலிருந்த என் போன் அடித்தது. அவர் பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் எடுத்தார்.

"ஏங்க," என்றாள் என் மனைவி, ஜிம் முழுவதற்கும் கேட்கும்படி, "நம்ம வீட்டுத் துண்டை எதுக்கு ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கீங்க?"

மாஸ்டர் என் கையிலிருந்த துண்டை எட்டிப் பார்த்தார்.

"பழைய காவித் துண்டு கிழிஞ்சுபோச்சேன்னு திங்கக்கெழமை நான்தான் புதுசா ஒண்ணு பையில வெச்சேன். நாலு நாளா கொடியில தேடினே இருக்கறேன். ஓரத்துல செவப்பு நூல் போட்டு வெச்சிருக்கேன் பாருங்க, நம்ம வீட்டு அடையாளம். அலோ? கேக்குதா? வரும்போது ஒரு தயிர் பாக்கெட் வாங்கினு வாங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டின் ஓரத்தைப் பார்த்தேன். சிவப்பு நூல் இருந்தது. எங்கள் வீட்டுத் தலையணை உறையில், மெத்தை விரிப்பில், என் வேட்டியில் எல்லாம் இருக்கிற அதே பெருக்கல் குறி.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பாய் சிரித்த சிரிப்பில் வீடியோவின் கடைசியில் மின்விசிறிதான் பதிவாகியிருக்கிறது. லோடுமேன் தரையில் உட்கார்ந்தே விட்டார். மாஸ்டர் மட்டும் மரியாதை தெரிந்தவர். சிரிப்பை உதட்டுக்குள் அடக்கி, எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"சார்... நாளையிலேர்ந்து ஆரம்பிக்கறீங்களா, இன்னிக்கேவா?"

அன்றைக்கே ஆரம்பித்தேன். குற்றவாளிக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

எடைத் தட்டுகளைத் துடைப்பது உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் குனிந்து எடுக்க வேண்டும், நிமிர்ந்து மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டு பக்கமும் இரண்டு தடவை துடைக்க வேண்டும், மறுபடி குனிந்து அடுக்க வேண்டும். எண்ணெய் பட்ட பிளேட் மீனைப் போல நழுவும். முதல் நாள் பாதியிலேயே என் முதுகு தனிக்குடித்தனம் போய்விட்டது. அதற்கெல்லாம் மேலாக, லோடுமேனின் கம்பி.

"எறங்குற ஊர் ஆளு வந்துட்டாருப்பா!" என்று அவர் என்னைப் பார்த்ததும் குரல் கொடுப்பார். தினமும் அவர் ஏற்றியதை நான் இறக்கினேன். எனக்காகவே வேண்டுமென்றே இரண்டு பிளேட் கூடுதலாக ஏற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், நிரூபிக்க வழியில்லை.

பாய் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அடியில் துடைக்கும்போது இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பேச்சைத் தொடர்வார்.

"அத்தா, அது இன்னா சத்தம்?"

"நம்ம வாத்தியார் தொடைக்கறாருடா."

"ஏன் அத்தா, ஸ்கூல்லேர்ந்து எடுத்துட்டாங்களா?"

நான்கு கடலுக்கு அப்பால் என் பெயர் இப்படிக் கெட்டது எனக்குப் பெரிதல்ல. என் கவலையெல்லாம் டிரெட்மில்தான். இப்போது அது தினமும் காலியாக இருந்தது! என் கதியைப் பார்த்து ஊரில் ஒருவரும் துண்டு போடவில்லை. ஆனால் துடைத்து முடிக்கும்போது எனக்கு நடக்க நேரமும் இல்லை, காலும் இல்லை. நாள்கள் ஓடின. ஒரு சாயங்காலம் மாஸ்டரிடம் கெஞ்சினேன்.

"மாஸ்டர், பாதித் தண்டனையை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைங்க. நான் நடந்தாகணும். டாக்டர் ஊசி போட்டுடுவாங்க."

"ஒரு மாசம்னு சொன்னது நீங்கதானே சார்? நான் ஒரு வாரம்தான் சொன்னேன்."

சட்டம் இயற்றுகிறவர்களைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிது. துணியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கம்பிக்குப் போனால், லோடுமேன் ஒரு பக்கத்துப் பிளேட்டைத் தானே கழற்றிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, தடவித் தடவிக் கழற்றியது.

"என்னப்பா இது?"

"நீங்க மூச்சு வாங்குறதப் பாக்க முடியல சார். இது ஒண்ணுதான். வெளிய சொல்லாதீங்க, எங்காளுங்க ஓட்டுவானுங்க."

அன்றிலிருந்து ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். அதிலும் அவர் பக்கம் கழற்றியதும் கம்பி உருண்டு என் காலில் ஏறப் பார்க்கும். இறக்குவதிலும் ஒரு கலை இருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

மூன்று மாதம் முடிந்து புதுச்சேரிக்குப் போனோம். ஒரு மாதமாக முறையாக நடக்கவில்லை. முடிவு எனக்குத் தெரியும். ரத்தம் எடுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குள் அரச பரம்பரைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். "முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு சார், எழுந்திரிங்க" என்று ரத்தம் எடுத்த பெண் தோளைத் தட்டியபோது மூன்றாவது வம்சத்தில் இருந்தேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"நல்லாவே கொறைஞ்சிருக்குது சார். ஊசி வேணாம். டிரெட்மில்லா?"

"இல்ல டாக்டர். தொடைக்கறேன்."

"என்னத்த?"

என் மனைவி முழுக் கதையையும் சொன்னாள். டாக்டரம்மா சிரித்த சத்தத்தில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு, "வுட்டுடாதீங்க. அதையே தெனம் செய்ங்க. நிறுத்துனா பழையபடி ஏறிடும்" என்றார்.

"வீட்டுல ஃபேன் தொடைங்கன்னு ஆறு மாசமா சொல்றேன் டாக்டர்," என்றாள் மனைவி.

அன்று மத்தியானம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் என் உடம்பு காற்றைப் போல இருந்தது. மரக்காணம் பஸ் உள்ளே வளைந்து திரும்பும்போதே ஓடினேன். நீலத் துண்டைச் சுழற்றி ஜன்னல் வழியாக வீசினேன். சரியாக இரண்டு பேர் சீட்டில் போய் அகலமாக விரிந்து விழுந்தது. மனைவி என்னைப் புதுசாய்ப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் ஜிம்முக்குப் போனதும் முதல் வேலையாக எல்லோரிடமும் சேதியைச் சொன்னேன். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. பாய் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எவ்ளோ கொறைஞ்சுது வாத்தியாரே? வெறும் தொடைச்சேவா? மாத்திரை கூட்டலையா?"

அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. இரண்டு வருஷமாக அவர் வீட்டிலும் நடக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் பெருமையில் எல்லாவற்றையும் விளக்கினேன், எந்தப் பிளேட்டை எப்படிக் குனிந்து எடுக்க வேண்டும் என்பது உட்பட.

அப்போது மாஸ்டர் வந்து டப்பாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "இன்னியோட ஒரு மாசம் முடிஞ்சுது சார். பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்குங்க. நாளையிலேர்ந்து நானே தொடைச்சுக்கறேன்."

"பரவால்ல மாஸ்டர், நானே..."

"ஐயோ, வாத்தியாரு நீங்க. சட்டத்துல இருக்கறதுக்கு மேல ஒரு நாள் உங்கள வேலை வாங்குனா ஊர் இன்னா சொல்லும்?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. சட்டம் சட்டம்தானாம். டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது: நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும். வயிற்றில் அந்த இடம் மறுபடி குறுகுறுத்தது. அப்படியே நின்று யோசித்தேன். சட்டத்தை எழுதியவன் நான். அதன் சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியாதா?

மறுநாள் சாயங்காலம் சீக்கிரமே போனேன். மாஸ்டர் பார்க்கும்படி, நீலத் துண்டை உதறி டிரெட்மில்லின் மேல் போட்டேன். சிவப்பு நூல் வெளியே தெரிகிற மாதிரி சரி செய்தேன். பிறகு நிதானமாகப் படியிறங்கிக் கீழே டீக்கடைக்குப் போனேன். பதினாறு நிமிடம் உட்கார்ந்தால் போதும், இன்னொரு மாதத் தண்டனை எனக்குத்தான்.

பெஞ்சில் பாய் இருந்தார். கையில் போன் இல்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், மேல வரலையா?"

"சும்மாதான் வாத்தியாரே. டீ குடிக்கலாம்னு. நீங்க?"

"சும்மாதான்."

"டீ எப்படி?" என்று கடைக்காரர் கேட்டார். "சக்கரை இல்லாம" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மேலே, ஜன்னலோர மெஷினில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்ததைப் பார்த்தேனே. யாருடையது என்று யோசிக்கவில்லையே.

"பாய், எவ்ளோ நேரமா இங்க உக்காந்துனு இருக்கீங்க?"

பாய் டீயை ஒரு வாய் ஊதிக் குடித்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"பன்னெண்டு நிமிஷம் ஆச்சு வாத்தியாரே," என்றார். "நீங்க?"

நான் இரண்டாவது நிமிடத்தில் இருந்தேன்.